பாவுல கிழிஞ்சுதா, ஊடையில கிழிஞ்சுதா?

நிலோஃபர்: கேள்விச் சீட்டை அப்பறம் எடுங்க வெங்கடலட்சுமியக்கா. உங்க பையன் போன வாரம் கேட்ட கேள்விக்கு ஈமெயில் வந்திருக்குது.

வெங்கடலட்சுமி: எங்கிருந்து கண்ணு?

நிலோஃபர்: பின்னே, உங்க சோமனூர்ல இருந்தா வரும்? அமெரிக்காவுல இருந்துதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க விண்வெளியைப் பத்தி என்ன வேணா கேக்கலாம், விஞ்ஞானிங்களே பதில் எழுதுவாங்கன்னு இங்க நம்ம கடையில இன்டர்நெட்டுல ஒரு பக்கம் காட்டுனேன்ல...

வெங்கடலட்சுமி: ஆமா, ஆமா. பதில் எழுதிப்போட்டாங்களா?

நிலோஃபர்: அதுல ஒரு சிக்கல். மொதல்ல உக்காருங்க, சொல்றேன். மோர் வேணுமா?

வெங்கடலட்சுமி: மோரு கெடக்குது. கேள்வி தப்பாப் போச்சா? துணி சமாச்சாரத்தைப் போயி அவ்வளவு பெரிய ஆளுககிட்டக் கேட்டிருக்கக் கூடாதோ...

நிலோஃபர்: அது தப்பில்லீங்க...

வெங்கடலட்சுமி: நீ படிச்சுச் சொன்னதத்தான் ஊட்டுல போயிச் சொன்னேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி செவ்வாய்க்கு ஒரு வண்டி போச்சு, அதைக் காத்தடிச்ச பைகளுக்குள்ள பொதிஞ்சு கீழ போட்டாங்க, அது பதினஞ்சு தடவைக்கு மேல எம்பி எம்பிக் குதிச்சு நின்னுச்சுன்னு. அந்தப் பை தறியில நெய்ஞ்ச துணின்ன. இங்க பூமியில சோதிச்சுப் பாத்தப்ப மொதல்ல பாறை குத்திக் கிழிஞ்சுதுன்ன. அதக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே... அவனுக்குத் தூக்கமே இல்ல.

நிலோஃபர்: யாருக்கு?

வெங்கடலட்சுமி: அவனுக்குத்தான். பையனுக்கு.

நிலோஃபர்: சரி. நீட்டுல ஓடற நூலு பாவு, குறுக்க ஓடறது ஊடைன்னு நீங்க துப்பட்டாவைப் பிடிச்சுக் காட்டுனீங்க. அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியாம அரை மணி நேரம் டிக்சனரியைப் புரட்டுனேன். அப்பறம்தான் அனுப்பினேன். கிழிசல் பாவுல வந்துச்சா, ஊடையில வந்துச்சா, அது மேல ஓடாம எப்படி நிறுத்துனாங்கன்னு.

வெங்கடலட்சுமி: அதுக்கு?

நிலோஃபர்: ஒரு அம்மா எழுதியிருக்காங்க. இந்தக் கேள்வியை இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் எங்ககிட்டக் கேட்டதில்ல, எனக்கே தெரியாது, துணியைக் கையில பிடிச்சுப் பாத்தவங்ககிட்டக் கேட்டுச் சொல்றேங்கறாங்க.

வெங்கடலட்சுமி: தெரியாதுன்னு அவங்களே சொல்றாங்களா...

நிலோஃபர்: ஆமாங்க. ஆனா கேக்கற பிள்ளை எத்தனாவது படிக்குதுன்னு தெரியணுமாம். அதுக்குத் தக்கன எழுதுவாங்களாம். இந்த வருசக் கேள்விய இன்னிக்குச் சாயங்காலத்தோட முடிச்சுக்கறாங்க. அதுக்குள்ள நாம சொல்லலைன்னா பதில் கிடையாது.

வெங்கடலட்சுமி: இதென்ன பெரிய சிக்கல். எட்டாவதுன்னு போடு.

நிலோஃபர்: மொத வாரம் ஆறாவதுன்னீங்க.

வெங்கடலட்சுமி: அப்படியா சொன்னேன்?

நிலோஃபர்: தீபாவளிக்கு முந்தி ஒம்பதாவதுன்னீங்க.

வெங்கடலட்சுமி: பிள்ளைக வளராதா?

நிலோஃபர்: ஒம்பதுல இருந்து எட்டுக்கா வளருவாங்க?

வெங்கடலட்சுமி: டவுன்காரிகிட்ட வாயக் குடுத்து மீள முடியுமா...

நிலோஃபர்: அவனை ஒருக்கா கூட்டிட்டு வாங்க, கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெக்கறேன்னு நானும் சொல்லிட்டே இருக்கறேன். ஒரு வாரம் காய்ச்சல். ஒரு வாரம் பரீட்சை. ஒரு வாரம் பழனிக்கு நடந்து போயிட்டான்.

வெங்கடலட்சுமி: போனான்தான்...

நிலோஃபர்: அக்கா, ரெண்டு தடவை அறுந்துபோய் மூணாவது தடவைதான் லைன் கெடச்சிருக்குது. என்னன்னு போடட்டும்?

வெங்கடலட்சுமி: போடாத.

நிலோஃபர்: என்னங்கக்கா?

வெங்கடலட்சுமி: எதையும் போடாத கண்ணு. எல்லாத்தையும் அழிச்சுப்போடு.

நிலோஃபர்: ஏனுங்க...

வெங்கடலட்சுமி: பள்ளிக்கூடம் போற சின்னவன்னு யாரும் இல்ல; நீ சாதகம் எடுத்த என்ர ஒரே பையனுக்கு இருவத்திரண்டு வயசு. பேரு தம்பிதுரை. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. வானத்த அண்ணாந்துகூடப் பாக்க மாட்டான். செவ்வாய்க்குத் துணி போயிருக்குதுடான்னு ஒருக்கா சொன்னேன். போயித் தறிய ஓட்டும்மா, செவ்வாயெல்லாம் சாதகத்துல இருந்தாப் போதும்னு சிரிச்சுப்போட்டான். பக்கத்துத் தறிக்காரிககிட்டச் சொல்லியிருந்தா இன்னும் சிரிச்சிருப்பாளுக.

நிலோஃபர்: ம்...

வெங்கடலட்சுமி: நான் மொத நாளு இங்க வந்ததே அவன் கல்யாணத்துக்குக் கம்ப்யூட்டர் சாதகம் எடுக்கத்தான். செவ்வாய் தோசம் இருக்குதான்னு பாக்க வந்தேன். நீ சாதகத்தை அச்சுல விட்டுப்போட்டு, இந்தாங்க நெசமான செவ்வாயின்னு இந்தப் பொட்டியில காட்டிப்போட்ட. செங்காடு மாதிரி கெடந்துச்சு. பல்லடத்துக்குப் போற வழி மாதிரி. அன்னிக்குப் புடிச்சது கண்ணு... வியாழக்கிழமை தறிக்கு லீவுன்னா காலு தானா இங்க வருது.

நிலோஃபர்: அப்ப கேள்வியெல்லாம்...

வெங்கடலட்சுமி: எல்லாம் என்னோடதுதான். தறி ஓடற சத்தத்துல நெனச்சு நெனச்சு சீட்டுல எழுதிக்குவேன். நரைச்ச தலையோட வந்து நட்சத்திரத்தக் கேட்டா நீயும் சிரிப்பியோன்னு பையன் தலையில கட்டிப்போட்டேன். வெக்கமா இருந்துச்சு. இப்ப அதவிட வெக்கமா இருக்குது. பொய் சொல்லி வாங்கற பதில் எனக்கு ஒட்டாது. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எடம். அழிச்சுப்போடு.

நிலோஃபர்: அழிக்க முடியாதுக்கா.

வெங்கடலட்சுமி: ஏன்? தம்பிதுரைன்னு பேரப் போட்டுட்டியா?

நிலோஃபர்: மெயில்ல மொத வரிய உங்களுக்கு நான் இன்னும் படிச்சுக் காட்டல. படிக்கட்டுமா... "அன்புள்ள வெங்கடலட்சுமிக்கு."

வெங்கடலட்சுமி: என்ர பேரா?

நிலோஃபர்: பேரு கேட்ட எடத்துல உங்க பேரத்தான் போட்டேன்.

வெங்கடலட்சுமி: உனக்கு... எப்பத் தெரியும்?

நிலோஃபர்: ரெண்டாவது வாரமே. படம் மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சுல்ல, தறியில துணி எறங்கற மாதிரி இருக்குதுன்னீங்க. அந்தப் பை படத்துல வந்ததும் கம்ப்யூட்டர் கண்ணாடி மேல வெரலை வெச்சு நெருடிப் பாத்தீங்க. பையனுக்காக வந்தவங்க அப்படித் தொட மாட்டாங்க.

வெங்கடலட்சுமி: அப்பவே கேட்டிருக்கலாமல்ல?

நிலோஃபர்: கேட்டா அடுத்த வியாழக்கிழமை வர மாட்டீங்க. எனக்கு அந்தப் பயம். இங்க வர்றவங்க கிரிக்கெட் ஸ்கோர் பாப்பாங்க, துபாய்க்கு மெயில் போடுவாங்க, முகந்தெரியாத ஆளுககிட்ட மணிக்கணக்கா அரட்டை அடிப்பாங்க. எனக்குத் தெரியாத ஒண்ணை இந்தக் கடையில கேக்கறவங்க நீங்க மட்டும்தான். நீங்க கேக்கறதுக்காகவே நான் இதெல்லாம் தேடிப் படிக்கறேன்.

வெங்கடலட்சுமி: என்னத்தச் சொல்ல... கண்ணு கலங்குது போ.

நிலோஃபர்: பொய் ஒண்ணும் எழுதலீங்க. வயசு கேட்ட எடத்தையும் வகுப்பு கேட்ட எடத்தையும் காலியா விட்டுட்டேன். இப்ப அதத்தான் கேக்கறாங்க.

வெங்கடலட்சுமி: உள்ளதச் சொன்னா தள்ளிப்போடுவாங்கல்ல?

நிலோஃபர்: தள்ளுனாலும் தள்ளுவாங்க. பெரியவங்க, தயவு பண்ணி பதில் போடுங்கன்னு நான் கெஞ்சி ரெண்டு வரி எழுதிப் பாக்கட்டுமா?

வெங்கடலட்சுமி: கெஞ்ச வேண்டாம். சித்தெ இரு... வயசு நாப்பத்தி மூணுன்னே போடு.

நிலோஃபர்: போட்டாச்சு. வகுப்பு?

வெங்கடலட்சுமி: அதுக்கு ஏதாச்சும் போட்டே ஆகணுமா?

நிலோஃபர்: இந்தத் தடவை அவங்க அனுப்பின ஃபாரத்துல காலியா விட்டா போக மாட்டேங்குது. லைன் அறுந்துரப் போகுது, சொல்லுங்க.

வெங்கடலட்சுமி: ஏழாவதுன்னு போடு அம்மணி. பொய்யில்ல. ஏழாவது முழுப் பரீட்சைக்கு மொத நாளு எங்கய்யன் என்னத் தறிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் இன்னும் பாஸும் ஆகல, பெயிலும் ஆகல.