பின் சிலிண்டரின் சூடு

நீங்கள் வாங்கிக்கொடுத்த காபி நன்றாக இருந்தது, மேடம். நான் குடிக்கும்போது அறுபது டிகிரி இருந்திருக்கும். இப்படி மனதுக்குள் அளந்துகொள்வது எனக்குப் பழக்கம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வெப்பமானிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால்தான் தாள் கேட்டேன்.

என் பெயர் வேல்விழி. ஊர் விளாத்திகுளம் பக்கம். இயற்பியல் படித்தேன். இங்கே பயிற்சித் தொழிலாளியாக இரண்டு வருட ஒப்பந்தம், வரும் ஆகஸ்டில் முடிகிறது. முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். ஊருக்குப் போனால் அம்மாவின் தம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பிள்ளைப்பாக்கத்தில் நானும் பாண்டிச்செல்வியும் ஒரே அறையில் இருந்தோம். அவள் நாங்குநேரிக்காரி. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. நான் பேச வேண்டிய இடத்திலெல்லாம் அவள்தான் பேசுவாள். தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்வதும் அவள்தான், ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்காருபவனைத் திட்டுவதும் அவள்தான்.

எதிர்வீட்டுக்காரர் தமிழ்வாணன். பூர்வீகமாக அந்த ஊர். ஒரு கார் தொழிற்சாலையில் ஃபிட்டர். மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் ஒரு மோட்டார்சைக்கிளைத் தானே கட்டியிருந்தார். ஆயிரத்து அறுநூறு சிசி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிலிண்டர், எட்டு அடி நீளம். கிளப்பினால் எங்கள் ஜன்னல் கம்பி அதிரும். ஆனால் ஒரகடம் சிக்னலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பத்து நிமிடம் நின்றால் வண்டி கொதித்துவிடும். தள்ளிக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னாம்மா, வேடிக்கையா? டிக்கெட்டு வாங்கினீங்களா?" என்றார்.

"எண்ணே, இவ பிஸிக்ஸ் படிச்சவ. ஒங்க வண்டில பின்னால உள்ள சிலிண்டருதான் வேகுதாம். ஒரு வாரமா இதையே சொல்லி என் உசுர எடுக்கா" என்றாள் பாண்டிச்செல்வி.

"அத்த அந்த சயின்டிஸ்ட்டு சொல்லாதாமா? வாய வாடகைக்கு வுட்டுகீதா?"

நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். முன் சிலிண்டர் காற்றை மறைக்கிறது. பின்னால் உள்ளதற்குக் காற்றே போவதில்லை. அவர் குனிந்து இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார்.

"மூணு மெக்கானிக்கு பாத்துட்டானுங்க. ஒருத்தனும் இத்த சொல்லல."

அதுவரை அவருக்கு வெப்பமானி அவர் தொடைதான். வலது தொடையின் உட்பக்கம் பின் சிலிண்டரை ஒட்டி இருக்கும். பேண்டைத் தாண்டிச் சுட்டால் ஓரங்கட்டிவிடுவார். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இன்ஜின் கெடவில்லை. தழும்புகள் மட்டும் இருந்தன.

ஐந்து மாதம், எல்லா ஞாயிறும் வேலை செய்தோம். ஆயில் கூலர் மாட்டினோம். அலுமினியத் தகட்டை வளைத்துப் பின் சிலிண்டருக்குக் காற்று போகும் வழி செய்தோம். பக்கத்தில் ஒரு சிறிய மின்விசிறி. பின் சிலிண்டரின் பிளக்குக்கு அடியில் சூட்டை அளக்கும் ஒரு உணரி, அது சொல்வதைக் காட்ட ஹேண்டில்பாரில் ஒரு மீட்டர். நூற்றெண்பது டிகிரியில் விசிறி தானாக ஓடும். இருநூற்றிருபதில் சிவப்பு விளக்கு எரியும். அந்த மீட்டருக்கான புரோகிராமை நான் எழுதினேன். தொடை சுடாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்புத் தகடும் வைத்தேன்.

ஒவ்வொரு அளவையும் ஒரு நோட்டில் குறித்தேன். வெயில், வேகம், நெரிசல், சூடு, எல்லாவற்றுக்கும் வரைபடம். சிக்னலில் இருநூற்று நாற்பது வரை போன வண்டி நூற்றெழுபத்தெட்டில் நின்றது. அன்று அவர் கொட்டகையில் தனியாக ஒரு சுற்று ஆடினார்.

"ஃபர்ஸ்ட்டு லாங்கு ரைடு ஏலகிரி. நீதான் பின்னாடி குந்திகினு ரீடிங் எய்தணும், இன்னா?" என்றார்.

நான் சரி என்றேன். அந்த நோட்டு எனக்குத் தேவையாக இருந்தது. எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு எழுதினாலும், நீயாக என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. அவருக்குத்தான் மீட்டரை நம்ப மனம் வரவில்லை. ஓட்டும்போது காலைத் தகட்டுக்கு மேலே நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கால் பொய் சொல்லும், எண் சொல்லாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று வாரத்தில் பழகிவிட்டார்.

பிப்ரவரியில் சென்னையில் வண்டிகளின் கண்காட்சி நடந்தது. நாங்கள் மூவரும் வண்டியோடு போனோம். ஒரு பெரிய வாகனக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். மீட்டரையும் காற்று வழியையும் வெகுநேரம் பார்த்தார். இதைச் செய்தது யார் என்று கேட்டார். நான் இரண்டடி தூரத்தில் துடைக்கும் துணியோடு நின்றிருந்தேன்.

"நான்தான் சார். ரெண்டு வருசமா மண்டைய ஒடைச்சிகினு பண்ணது" என்றார் தமிழ்வாணன்.

வந்தவர் என்னைப் பார்த்து, இவர் யார் என்றார்.

"தெரிஞ்ச பொண்ணு சார். கூடமாட ஒத்தாசைக்கு."

பக்கத்து மேசையில் என் நோட்டு இருந்தது. பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டை போட்டிருந்தார்கள். அதில் தமிழ்வாணன் என்று அழகாக எழுதியிருந்தது. பாண்டிச்செல்வியின் கையெழுத்து. ழகரத்தின் வாலை அவள் மட்டும்தான் அப்படி இழுப்பாள். அந்த வாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜனவரியிலிருந்தே அவள் அவரை அண்ணே என்று கூப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் குறித்துவைத்த நான் அதைக் குறிக்கவில்லை.

வந்தவர் தமிழ்வாணனிடம் முகவரி அட்டை கொடுத்து, ஏப்ரலில் நேர்முகத்துக்கு வரச் சொன்னார்.

அறைக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை கேட்டேன், ஏன் என்று.

"ஏட்டி, நீ வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா? மரம் மாதிரி நின்னா நான் என்ன செய்ய? அவருக்கு அந்த வேல கெடைச்சாத்தான் எங்க வீட்டுல வந்து பேச முடியும். ஒனக்கு என்னட்டி, படிச்சவ. இன்னொண்ணு செஞ்சுக்கிடுவ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏலகிரிக்கு நாந்தான் போறேன். ஒனக்கு வண்டியில ஏறவே பயம்லா, அதான்" என்றாள்.

எனக்கு வண்டியில் ஏறப் பயம் கிடையாது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

நேர்முகத்துக்கு முந்தின வாரம் ஏலகிரி போவதாக முடிவு செய்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தமிழ்வாணன் ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"சயின்டிஸ்ட்டு, கோவமா கீறியா? ஒருவாட்டி மீட்டர செக் பண்ணிக் குடு. அப்பால உங்க லேப்ல ஒட்றீங்களே பச்ச ஸ்டிக்கரு, அத்தையும் ஒண்ணு ஒட்டிடு. கெத்தா இருக்கும்."

பச்சை ஸ்டிக்கர் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும், மேடம். எங்கள் தொழிற்சாலையில் எந்த அளவுக் கருவியிலும் சரிபார்த்த தேதியும் சரிபார்த்தவர் கையெழுத்தும் போட்டுப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அது இருந்தால் சூப்பர்வைசர்கூட மறுபடி அளக்க மாட்டார். உலைக்கு முன்னால் நிற்பவன் தன் முகத்தில் அடிக்கும் அனலை விட்டுவிட்டு ஸ்டிக்கரைத்தான் நம்புவான். அவரும் அந்தப் பழக்கத்தில் பதினோரு வருடம் வேலை செய்தவர்.

மீட்டரைக் கழற்றி மடிக்கணினியில் இணைத்தேன். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். நூற்றைம்பது டிகிரி வரை அது உண்மையைச் சொல்லும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு இரண்டு டிகிரிக்கும் ஒரு டிகிரிதான் காட்டும். அதாவது நூற்றெண்பதில் ஓட வேண்டிய விசிறி இருநூற்றுப் பத்தில் ஓடும். இருநூற்றிருபதில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு இருநூற்றுத் தொண்ணூறில் எரியும். அந்த இன்ஜினில் பிஸ்டன் இருநூற்றறுபதிலேயே சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். மீட்டரை மாட்டிவிட்டு ஸ்டிக்கரில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டினேன்.

எனக்கு இன்ஜின் கெட்டால் போதும் என்றிருந்தது. நேர்முகத்தன்று காட்ட வண்டி இருக்கக் கூடாது. எதனால் கெட்டது என்று கேட்பார்கள், அவருக்குச் சொல்லத் தெரியாது, அப்போது உண்மை தெரியும். இதில் நியாயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். பாண்டிச்செல்வி பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, பேசமாட்டியா? வந்ததும் அவரக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த சார்ட்ட ஒன் பேரச் சொல்ல வைக்கேன். ஆத்தா சத்தியமா. எல்லாம் சரியாத்தான இருக்கு வண்டில?"

நான் தலையசைத்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். அவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கிளம்ப இன்னும் பத்து நிமிடமாவது ஆகும். அந்த வரியைத் திருத்த எனக்கு நான்கு நிமிடம் போதும். அவள் சொன்னதை நம்பினேனா என்று கேட்பீர்கள். நம்பினேன்.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. வாலாஜாவுக்கு முன்னால் பாலம் வேலை நடக்கும் இடத்தில் வண்டிகள் ஊர்ந்திருக்கின்றன. விசிறி ஓட வேண்டிய நேரத்தில் ஓடவில்லை. அதைத் தாண்டியதும் அவர் வேகம் பிடித்தார். ஆறு கிலோமீட்டரில் பிஸ்டன் இறுகியது. இன்ஜின் அப்படி இறுகி நின்றால் பின்சக்கரமும் அந்த நொடியே நிற்கும். வண்டி சாய்ந்து சறுக்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் பிடித்த தடம் முப்பது மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். பாண்டிச்செல்வி அங்கேயே இறந்துவிட்டாள். அவருக்கு வலது காலை எடுத்தார்கள்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. விபத்து என்றே எழுதி முடித்திருந்தீர்கள். நானாகத்தான் வந்தேன். மருத்துவமனையில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைப் பாண்டிச்செல்வியின் வீட்டார் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் இப்படி இருந்தது: "தப்பு என்மேலதான். மீட்டரு எதிர்வூட்டு வேல்விழி செஞ்சது. அந்த வண்டில எல்லாமே அதான் செஞ்சுது. மீட்டரு கரெக்டா இருநூத்தி அஞ்சுதான் காட்டுச்சு. காலு சுட்டுது, நான்தான் மதிக்கல."

என் பெயரை அவர் ஊரறியச் சொன்னது அப்போதுதான். ஆனால் மீட்டர் சரியாகக் காட்டியது என்பது தவறு. அவர் இருநூற்றைந்து பார்த்தபோது உண்மையில் இருநூற்றறுபது. தவறான ஒரு அளவு என் பெயரில் பதிவாகி இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நீங்கள் கேட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. இன்ஜினை மட்டும் கெடுக்க நினைத்தேன் என்கிறாயே, பின்னால் அவள் உட்காருவது தெரிந்தும் ஏன் விட்டாய் என்று கேட்டீர்கள். நேற்று அதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அவர் தனியாகப் போயிருந்தால், நான் மாற்றிய பிறகும் அந்த வண்டி இருநூற்று முப்பதைத் தாண்டியிருக்காது. பத்திரமாகப் போய்த் திரும்பியிருப்பார். இருநூற்றறுபதைத் தொட இன்னொரு ஆளின் எடை வேண்டும். பையோடு சேர்த்து ஐம்பத்து மூன்று கிலோ என்று கணக்கில் போட்டிருந்தேன். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கலாம்.