இடமிருந்து ஏழாவது

கம்பளிச் சீருடையை வெந்நீரில் நனைக்கக் கூடாது. சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அலசி, தோள் கெடாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். ஐம்பது வருடங்களாக நாரை வாத்திய அணியின் சீருடைகளை நான் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன். என் பொறுப்பில் ஒரு பித்தளைப் பொத்தான்கூடத் தொலைந்ததில்லை.

ஜோலீன், எழுபத்தைந்தாம் ஆண்டு விழா முடிந்ததும் அச்சாகவிருக்கும் மலருக்கு நீங்கள் கேட்டது இரண்டு பக்கம். 'நம் அணியின் வரலாறும் மரபுகளும்' என்று தலைப்பையும் நீங்களே கொடுத்தீர்கள். அதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் நம் மரபுகளில் ஒன்று எப்படிப் பிறந்தது என்பது அந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. அதைத் தனியாக இங்கே எழுதுகிறேன்.

சென்ற மாதம் நீங்கள் தொலைபேசியில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"மிஸ்டர் ஹௌகன், பழைய ஆளுங்க அறுபது பேர் வர்றாங்க. தொப்பை இருக்கிறவங்களுக்கெல்லாம் கோட்டு தைச்சாகணும். சிரிக்காதீங்க. எல்லாரும் ஒரே குரலா ஒண்ணு சொல்லிட்டாங்க. லேனியோட இடத்துல இந்தத் தடவை நீங்கதான் நிக்கணுமாம். உங்களை விட்டா வேற யாருக்கு அந்த உரிமை இருக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அப்படிச் சொல்வதுதான் முறை என்பதால் சொன்னேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். போரிலிருந்து திரும்பிய ஸ்டோல்ஸ் என்ற கசாப்புக்காரர், பியூகிள் என்ற பழைய பித்தளை ஊதுகொம்புகள் இருபதையும் ஆறு டிரம்களையும் வைத்து இந்த ஆற்றங்கரை ஊரில் அணியைத் தொடங்கினார். அவரை நாங்கள் கேப்டன் என்போம். மிசிசிப்பி மேலே மூடுபனி கிடக்கும்போது நாரைகள் அசையாமல் நிற்பதைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார். "ஊதறதுக்கு முன்னாடி நிக்கக் கத்துக்குங்கடா" என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் முதல் வாக்கியம்.

அந்தக் காலத்துப் போட்டிகளை நீங்கள் பார்த்ததில்லை. நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக வரிசைகளுக்கு நடுவே நடப்பார்கள். எல்லா அணியும் முழு மதிப்பெண்ணோடுதான் களத்தில் இறங்கும். கால் பிசகினால் ஒரு கோடு. சுரம் உடைந்தால் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நன்றாகச் செய்வதற்கென்று யாரும் எதையும் கூட்ட மாட்டார்கள், செய்த தவறுக்குக் கழிப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அது மிகவும் நியாயமான முறையாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

நான் மூன்று வருடம் மாற்றாளாக இருந்தேன். யாராவது கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் இறங்குபவன். அதற்காக முன்வரிசைப் பதின்மூன்று பேரின் காலடிகளையும் மனப்பாடம் செய்திருந்தேன். பையன்கள் என்னை ஸ்டெப்னி என்று கூப்பிடுவார்கள். "டேய் ஸ்டெப்னி, இன்னிக்கும் எவனும் பஞ்சர் ஆகல, போய்த் தண்ணி கொண்டா" என்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த மூன்று வருடத்தில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவ்வளவு ஆரோக்கியமான பையன்களை நான் பார்த்ததே இல்லை.

1972 வசந்தத்தில் முன்வரிசையின் ஏழாவது ஆள், நட்டநடுவில் நின்று தனியாக ஊதுபவன், இருபத்தொரு வயதைத் தாண்டிவிட்டதால் விலகினான். வயது தாண்டினால் வெளியே போக வேண்டும், அது விதி. அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கேப்டனும் தட்டிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் பக்கத்து ஊரிலிருந்து லேனி பிரோச்சா வந்து சேர்ந்தான். பத்தொன்பது வயது. முடியைச் சீவமாட்டான். முதல் நாள் ஒத்திகைக்கே தாமதமாக வந்து, சாண்ட்விச்சை மென்றுகொண்டே பியூகிளை வாங்கி ஊதினான். டிரம் தோலை முறுக்கி இறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

நான் கேப்டனிடம் போய், அவன் அந்தப் பகுதியில் இரண்டு இடத்தில் தவறினான், நான் எழுதி வைத்திருக்கிறேன் என்று காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்த்தார்.

"ஆர்விட், நீ தப்பே பண்ண மாட்டேங்கற" என்றார். "ஆனா அவன் ஊதறான்டா."

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரு மனிதர் தன் ரசனையைச் சொன்னார். நான் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

லேனிக்கும் எனக்கும் பகை இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பேருந்தில் அவன் என் பக்கத்து இருக்கை. என் தோளில் சாய்ந்து தூங்குவான். ஒருநாள் அவன் பையிலிருந்து ஊசி ஒன்று என் மடியில் விழுந்தது. அவன் சட்டென்று அதை எடுத்துப் பைக்குள் மறைத்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா. சர்க்கரை வியாதி. ஏழு வயசுலேர்ந்து. கேப்டனுக்குத் தெரிஞ்சா என்னைக் கூட்டத்துல உக்கார வெச்சுடுவாரு."

"ஊசி போட்டா சரியாயிடுமா?"

"ஊசி போட்டுட்டு சாப்பிடலன்னாதான் ஆபத்து. சர்க்கரை எறங்கிடும். கை நடுங்கும், அப்புறம் குடிச்சவன் மாதிரி உளறுவேன், அப்புறம் விழுந்துடுவேன். அதுக்குள்ள ரெண்டு கட்டி வாயில போட்டா போதும், எந்திரிச்சு டான்ஸே ஆடுவேன்."

அவனிடம் இருமல் மிட்டாய் டப்பா ஒன்று இருந்தது. அதில் சர்க்கரைக் கட்டிகள். ஆனால் களத்தில் இறங்கும் சீருடையில் பை கிடையாது, உங்களுக்கே தெரியும். துணி வழவழவென்று விழ வேண்டும் என்பதற்காக. இடுப்பில் ஏதாவது புடைத்தால் நடுவர் கோடு போடுவார். மாற்றாளின் கோட்டு பழைய தையல், அதில் பை உண்டு. அதனால் டப்பா என்னிடம் வந்தது. அவனாகவே கொடுத்தான். "நீ மறக்கவே மாட்ட, அதான் உன்கிட்ட குடுக்கறேன்" என்றான். அந்தக் கோடை முழுவதும் நான் மறக்கவில்லை. ஐந்து முறை அவனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து இன்னும் நன்றாக ஊதினான்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, சந்தைத் திடலில் பிற்பகல் போட்டி. காலையில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் உணவு ஏற்பாடு. தயாரா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். முட்டை கொண்டுவரும் வண்டி வந்திருக்கவில்லை. சமையல் அம்மாள் ஒருவர், இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் தம்பி என்றார். நான் பேருந்துக்குத் திரும்பியபோது லேனி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"என்னடா, போட்டுக்கலாமா?"

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

ஐந்து நிமிடம் என்பது எங்கள் அணியில் எல்லோரும் எதற்கும் சொல்வது. அவன் போட்டுக்கொண்டான். முட்டை வரவில்லை, பேருந்து கிளம்பிவிட்டது. வழியில் அவனுக்கு ஐந்து கட்டிகள் கொடுத்தேன். போட்டியில் அவன் ஊதியதை இன்றும் பழைய ஆட்கள் பேசுகிறார்கள். நானும் மறுக்கமாட்டேன். கூட்டம் எழுந்து நின்றது. ஒரு நடுவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சும்மா கேட்டார். கோடு போட வேண்டிய ஆள்.

போட்டி முடிந்ததும் எல்லா அணிகளும் திடலில் வரிசையாக நின்று முடிவைக் கேட்கும். மாற்றாட்களும் நிற்கலாம். நான் லேனிக்கு நேர் பின்னால் நின்றேன். முடிவு அறிவிக்கும்வரை விறைப்பாக நிற்பதில் நாரை அணிக்கு நிகர் யாருமில்லை. தேனீ மூக்கில் உட்கார்ந்தாலும் அசையக் கூடாது. பக்கத்தில் ஒருவன் மயங்கி விழுந்தாலும் திரும்பக் கூடாது. கேப்டன் ஏற்படுத்திய முதல் மரபு அது. உங்கள் மலரிலும் அதை முதலாவதாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்று ஐம்பது நிமிடம் ஆனது. மேயர் பேசினார், முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் பேசினார். நல்ல வெயில். இருபதாவது நிமிடம் லேனியின் கையிலிருந்த பியூகிள் நடுங்க ஆரம்பித்தது. வெண்கையுறையில் அது நன்றாகத் தெரிந்தது. பிறகு அவன் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் சொன்னான்.

"ஆர்விட். டப்பா."

நான் விறைப்பாக நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆர்விட், டேய், அம்மாவைக் கூப்பிடு, பஸ்ஸு போயிடும்" என்றான். அது உளறல். அவன் எனக்குச் சொல்லி வைத்த அதே வரிசைப்படிதான் நடந்தது. பக்கத்திலிருந்தவன் அவன் வேடிக்கை செய்கிறான் என்று நினைத்து மூக்கால் சிரித்தான். பிறகு லேனி விழுந்தான். எங்கள் அணியில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மறுநாள் செய்தித்தாள் அதைப் பாராட்டி எழுதியது. அந்தச் செய்தி நறுக்கு ஆவணப் பெட்டியில் இருக்கிறது.

தூக்குப்படுக்கையோடு ஓடிவந்தவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்தார்கள். தலையில் பனிக்கட்டி வைத்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் விறைப்பு நிலையில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து, கண் விழிக்காமலேயே லேனி இறந்தான்.

அவன் அம்மா நாங்கள் தங்கியிருந்த பள்ளி அரங்கத்துக்கு வந்து அவன் பையை வாங்கிக்கொண்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டப்பா உன்கிட்ட இருக்குன்னு லெட்டர்ல எழுதியிருந்தான்பா. அதனாலதான் நான் தைரியமா இருந்தேன்."

"காலையிலயே தீந்துபோச்சும்மா" என்றேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ என்ன பண்ணுவ பாவம்" என்றார். அவரிடம் சோப்பு வாசனை வந்தது.

அடுத்த சனிக்கிழமை மாநிலப் போட்டி. நான் கோட்டின் பொத்தான்களைத் துடைத்து, ஏழாம் இடத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு அடிகளையும் வாகன நிறுத்தத்தில் நடந்து பார்த்துவிட்டு, ஒத்திகைக்குப் போனேன். கேப்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"லேனி இடத்துல யாரும் நிக்கப் போறதில்ல. இந்த வருஷமும் இல்ல, எந்த வருஷமும் இல்ல. அவன் ஊத வேண்டிய இடத்துல எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நடங்க."

அப்படி விதிப்புத்தகத்தில் எதுவும் இல்லை என்றேன். சிலர் அழுதுகொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை முன்வரிசையில் பன்னிரண்டு பேர் நடந்தார்கள். நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி. அவன் ஊத வேண்டிய பதினாறு தாள எண்ணிக்கைக்கு டிரம்கூட இல்லை. காலடிச் சத்தம் மட்டும். பத்தாயிரம் பேர் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டு அழுதார்கள். நாங்கள் முதலாவதாக வந்தோம். எந்த நடுவரும் அந்த இடைவெளிக்குக் கோடு போடவில்லை. உயிரோடு இருந்தபோதாவது அவன் சில தவறுகள் செய்துகொண்டிருந்தான்.

மறுவருடம் எனக்கு வயது தாண்டியது. ஒருமுறைகூடக் களத்தில் இறங்காமல் வெளியே வந்தேன். ஆனாலும் அணியை விடவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் புதிய பையன்களுக்கு அந்த இடைவெளியைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. ஏழாம் இடத்தின் அடிகள் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆறாவதும் எட்டாவதும் நெருங்கிவிடாமல் கயிறு வைத்து அளப்பேன். பிள்ளைகள் அந்த வெறும் புல்லைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் குனிவார்கள். சில பெண்கள் அழுவார்கள். அவர்கள் யாரும் அவனைப் பார்த்தது கிடையாது. பத்தொன்பது வயதிலேயே நின்றுவிட்டதால் அவன் சுரம் உடைவதில்லை, பல் விழுவதில்லை, அவனுக்கு முடிகூட நரைப்பதில்லை. ஐம்பது வருடமாக ஒவ்வொரு போட்டியிலும் அவனே தனியாக ஊதுகிறான்.

இதைப் பொறாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். இப்போது எனக்கு அது இல்லை. சரியாக இருக்க வேண்டியவை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் இதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆவணப் பெட்டி பதினான்கில், என் பழைய கோட்டுக்கு அடியில் அந்த டப்பா இருக்கிறது. திறந்து பாருங்கள். ஏழு கட்டிகள் இருக்கும். மூடியைச் சுற்றி மெழுகு பூசியிருப்பதால் எறும்பு வந்ததில்லை. கட்டிகளுக்கு இடையில் ஒரு கைக்குட்டை திணித்திருக்கும். நடக்கும்போது டப்பா குலுங்கிச் சத்தம் போடும், அந்தச் சத்தம் லேனிக்கு நன்றாகப் பழக்கம். டப்பா காலி என்று அவன் நினைத்துக்கொண்டால் அவனுக்கும் கஷ்டம் குறையும் என்று தோன்றியது. கைக்குட்டையைத் திணித்தது போட்டி முடிந்து அணிகள் வரிசையில் சேர்வதற்கு முன்பு. அதாவது, அவன் கேட்பதற்கு முன்பு. நான் மறக்கவில்லை, பயப்படவில்லை, மரபுக்காகவும் நிற்கவில்லை. அவன் விழ வேண்டும் என்று நின்றேன்.

இந்தக் கடிதம் திங்கள்கிழமை உங்கள் கையில் கிடைக்கும்படி அனுப்புகிறேன். அதற்குள் சனிக்கிழமை விழா முடிந்திருக்கும். விழாவைக் கெடுக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. நான் இருநூற்றுப் பன்னிரண்டு அடிகளையும் பிசகாமல் நடந்திருப்பேன். பதினாறு எண்ணிக்கையையும் ஊதியிருப்பேன். வீட்டில் தினமும் பழகுகிறேன், ஒரு சுரமும் உடைவதில்லை. மலரில் அந்தப் படம் வந்தால் என் பெயரை முழுதாகப் போடுங்கள்.

காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அடுத்த பருவத்தில் ஏழாம் இடம் மறுபடியும் காலியாகும். ஒரே ஒரு வேண்டுகோள், ஜோலீன். அங்கே கடைசியாக நின்றவன் நான். புதிய பிள்ளைகள் குனியும்போது, அந்த இடைவெளி யாருடையது என்பதைத் தயவுசெய்து சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.