பின்னிருக்கையை ஐயுற்ற பெருந்தகைக்கு

ஐயம் திரிபற ஆராயும் ஐயா அவர்களே! விளம்பரத் தாளின் வழவழப்பில் வழுக்கி விழாத வல்லவரே! புன்னகையோடு வருபவரின் பையையும், பையோடு வருபவரின் புன்னகையையும் ஒருசேர உற்று நோக்கிய உத்தமரே! பயிற்சி ஜெட் விமானத் தேர்வுக் குழுவின் தலைவராய்த் திகழ்ந்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரியவரே! வணக்கம். இந்த வணக்கத்துக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம்.

இளமையில் போர் விமானியாய்ப் பறந்து, நடுவயதில் பிறருக்குப் பறக்கக் கற்பித்து, நரை கண்டபின் எந்த விமானத்தில் கற்பிப்பது என்று தீர்மானிக்கும் நாற்காலிக்கு வந்தீர்கள். வந்த அன்றே அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கதவைப் பார்த்தபடி அமர்ந்தீர்கள். யார் எதைச் சொன்னாலும் தாங்கள் கேட்கும் முதல் கேள்வி “எதுக்கு?” என்பதால், எங்களுக்குள் தங்களை ‘எதுக்கு சார்’ என்றே அழைத்து வந்தோம். இது தங்களுக்குத் தெரியாது என்று நம்பியிருந்தோம். தெரிந்திருக்குமோ என்று இப்போது ஐயுறுகிறோம். விற்பனைப் பிரதிநிதி தேநீர் வரவழைத்தாலும் அந்தக் கேள்விதான். எங்களில் ஒருவர் ஒரு நாள் நேரத்தோடு அலுவலகம் வந்தபோதும் அதே கேள்விதான். பாவம், அவர் அதன்பின் நேரத்தோடு வந்ததே இல்லை.

இறுதிச் சுற்றுக்கு வந்த விமானம் அழகென்றால் அப்படியோர் அழகு. அதனுடன் வந்த நிறுவன விமானியோ மரியாதையே உருவானவர். ஒவ்வொரு முறையும், “வாங்கப் போறவங்க நீங்க, நீங்க போய்ப் பின்னால உட்காரலாமா?” என்று நம்மவர்களை முன்னிருக்கையில் அமர்த்திவிட்டுத் தாம் பின்னால் ஏறிக்கொண்டார். நம்மவர்கள் பறந்தார்கள், நம்மவர்களே இறக்கினார்கள், முகம் மலர்ந்து திரும்பினார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் அத்தனை பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பரவாயில்லை.

அந்தச் சொல்லைத் தங்களைப் போல் பகைத்தவர் யாரும் இலர். பேருந்தில் நம் காலை மிதித்தவரிடமும் அதையே சொல்கிறோம். புதுச் சட்டை எப்படி என்று கேட்பவரிடமும் அதையே சொல்கிறோம். ஆகவே விமானிகளை ஒவ்வொருவராய் அழைத்து அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டீர்கள். கடைசியாய் வந்து நின்றவர் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர், தங்கள் மகளின் கணவர்.

“பரவாயில்லைன்னா நல்லாருக்குன்னு அர்த்தமா, இல்ல பொறுத்துக்கிட்டேன்னு அர்த்தமா?” என்று கேட்டீர்கள். மாப்பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. அவருக்கு விமானம் உண்மையிலேயே பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தார். ஆனால் அத்தனை பேர் எதிரில் மாமனார் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டு, பரவாயில்லை என்றால் பரவாயில்லைதான் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஊரைச் சந்தேகப்பட்டது போதாதென்று வீட்டு மாப்பிள்ளையையும் விட்டுவைக்கவில்லையே என்று தங்கள் மகள் தங்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார். போட்டி நிறுவனத்தின் பக்கம் தாங்கள் சாய்ந்துவிட்டதாக அலுவலகத்திலும் காதோடு காதாகப் பேச்சு அடிபட்டது.

தாங்கள் அசையவில்லை. மறுநாள் கூட்டத்தில் நிறுவன விமானியை நோக்கி ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: “சொல்லிக் கொடுக்கிறவன் எங்க உட்காருவான்?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பயிற்சி விமானத்தில் முன்னிருக்கை மாணவனுக்கு, பின்னிருக்கை ஆசிரியருக்கு. மாணவன் தடுமாறினால் பின்னாலிருந்து இறக்க வேண்டியவர் ஆசிரியரே. மரியாதையில் மயங்கிய நம் ஆசிரியப் பெருமக்கள் எல்லோரும் மாணவனின் இருக்கையைச் சோதித்துவிட்டு வந்திருந்தார்கள்! பின்னால் ஏறிக்கொண்டவரோ அங்கிருந்து ஒருமுறையும் இறக்கிக் காட்டவில்லை. இனிப் பின்னிருக்கை எங்களுக்கு என்று தாங்கள் சொன்னதும், அவர் முதலில் காற்று சரியில்லை என்றார். பிறகு தலைமையகத்தைக் கேட்க வேண்டும் என்றார். அவர் நழுவ நழுவத் தங்கள் ஐயம் கொழுத்தது. ஒருவழியாய் அவர் முன்னிருக்கையில் அமர இணங்கியபோது, முந்திக்கொண்டு முன்வந்தவர் மாப்பிள்ளை. மாமனாரின் மூக்கை உடைக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

மேலே இருந்தவரை அவருக்கு எல்லாம் இனித்தது. இறங்கும்போது விமானம் மூக்கை உயர்த்தியதும், முன்னிருக்கையின் முதுகு எழுந்து வந்து ஓடுபாதையை முழுதாய் மறைத்துவிட்டது. இடப்புறம் எட்டிப் பார்த்தார், வலப்புறம் எட்டிப் பார்த்தார், புல்தான் தெரிந்தது. குத்துமதிப்பாய் இறக்கினார். ஓடுபாதையின் ஓரத்தில் இடித்து டயர் வெடித்து, விமானம் புல்வெளியில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தவர், அத்தனை அதிகாரிகள் நடுவிலும் ‘சார்’ என்பதை மறந்துபோனார்.

“மாமா, ஒண்ணுமே தெரியல மாமா.”

தாங்கள் அவர் கையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டீர்கள். அவர் தோளைப் பற்றி அழைத்து வந்தீர்கள். அந்த விமானம் வாங்கப்பட்டிருந்தால் நாள்தோறும் அந்த இருக்கையில் ஏற வேண்டியவர்களுள் அவரும் ஒருவர்.

விமானம் நிராகரிக்கப்பட்டது. செய்தி அறிந்து தங்கள் மகள் அலுவலகத்துக்கே வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ, “இவ்வளவு சந்தேகப்படுறவரு, அவரை ஏன்ப்பா ஏத்தி விட்டீங்க?” என்று கேட்டார். அன்று தாங்கள் எழுந்து போய் ஜன்னலருகே நின்றதை நாங்கள் மறக்கவில்லை.

ஐயா! இருக்கையைச் சீர்செய்துவிட்டதாக அந்நிறுவனம் மீண்டும் எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் கொண்டு வருகிறார்களாம். தாங்கள் இருக்கும்போது அல்ல, சென்ற பிறகு. இன்று இந்த மண்டபத்துக்கு வந்த மலர்ச்செண்டுகளில் ஆகப் பெரியதும் அவர்களுடையதே. அதை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம். விழாத் தேதியை அவர்களுக்குச் சொன்னவர் யார் என்று விசாரித்து வருகிறோம். மறுசோதனைக்குப் பெயர் கொடுத்து நிற்பவரோ, மீண்டும் தங்கள் மாப்பிள்ளை.

பணி நிறைவு பெறுவோர் நினைவுகளைச் சுமந்து செல்வது வழக்கம். தாங்கள் தங்கள் சந்தேகத்தை எங்களிடமே விட்டுச் செல்லுங்கள். நோயின்றி, நொடியின்றி, மருத்துவரை மட்டுமேனும் நம்பி, நீடு வாழுங்கள்! நிம்மதியாய் உறங்குங்கள்!

முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் மகளுக்கு இந்த அவையில் ஒரு வாக்குத் தருகிறோம். அடுத்த மாதம் அந்நிறுவனத்தின் முதலாளி முன்னிருக்கையில் அமரட்டும். அவர்களுடைய விமானியே பின்னாலிருந்து அவரை இறக்கிக் காட்டட்டும். அதற்குப் பிறகுதான் நம் வீட்டுப் பிள்ளை அதில் ஏறுவார்.

இங்ஙனம்,
தங்கள் சந்தேகத்துக்குரிய
தேர்வுக் குழு அலுவலக ஊழியர்கள்