நாய் சாகக் கூடாது

நான் அந்த நாவலைப் படித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும், ஷெரிஃப் மேடம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹாலிவுட்டில் என்னைப் போன்ற வேலையில் இருக்கிறவர்கள் புத்தகம் படிப்பதில்லை. படிப்பதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம். அவர் படித்துவிட்டு மூன்று பக்கத்தில் சுருக்கம் எழுதித் தருவார். இயக்குநர், தயாரிப்பாளர், திரைக்கதை எழுதிய நான்கு பேர், எல்லோரும் படித்தது அந்த மூன்று பக்கம்தான். நான்காவது எழுத்தாளர் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று கேள்வி.

என் பெயர் டெஸ்மண்ட் ப்ரூயிட். அந்த நாவலைப் படமாக எடுத்த ஸ்டுடியோவின் கதைப் பிரிவில் துணைத் தலைவராக இருந்தேன். எங்களிடம் துணைத் தலைவர்கள் முப்பத்தொரு பேர் இருந்தோம், ஆகவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'பனிக்கு முந்திய அறுவடை' பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. எழுதியவர் உங்கள் ஊர்க்காரர், உங்கள் நூலகத்துக்கே அவர் பெயர். ஆனாலும் டேப் ஓடுகிறது, பின்னால் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நெப்ராஸ்காவில் ஒரு பண்ணை, எட்டுப் பேர் கொண்ட குடும்பம், பட்டன் என்று ஒரு நாய். பிள்ளைகள் காய்ச்சலில் போகிறார்கள், அப்பா பனிப்புயலில் போகிறார், அம்மா மனசு உடைந்து போகிறார். ஆக மொத்தம் ஏழு சாவு. மிஞ்சுவது கடைசிப் பெண் ஈவாவும் பட்டனும். கடைசியில் பட்டனும் பனியில் விறைத்துச் செத்துவிடுகிறது. அறுபது வருஷத்துக்கு முன் இதைக் கறுப்பு வெள்ளையில் படமாக எடுத்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டிவியில் போடுவார்கள். பெற்ற தாயின் சவ அடக்கத்தில் கண் கலங்காத என் அப்பா, பட்டன் செத்ததற்குத் தேம்பித் தேம்பி அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

புதிய படம் போன வருஷம் செப்டம்பரில் முடிந்தது. எந்தப் படத்தையும் வெளியிடுவதற்கு முன் முன்பின் தெரியாத முந்நூறு பேரை ஒரு தியேட்டரில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவோம். முடிந்ததும் ஆளுக்கொரு அட்டையும் பென்சிலும் கொடுப்போம். பிடித்தது எது, பிடிக்காதது எது, மற்றவர்களைப் பார்க்கச் சொல்வீர்களா என்று அதில் கேள்விகள் இருக்கும். எங்கள் தொழிலில் கடவுள் பேசுவது அந்த அட்டைகள் வழியாகத்தான். அவர் பெரும்பாலும் எழுத்துப்பிழையோடு பேசுவார்.

எங்களுக்கு வந்த மதிப்பெண் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனால் படம் தியேட்டர் முகத்தைப் பார்க்காது. பிடித்த பாத்திரம் யார் என்ற கேள்விக்கு நூற்றுக்கு எழுபத்தொரு பேர் நாய் என்று எழுதியிருந்தார்கள். கதாநாயகியை ஒன்பது பேருக்குப் பிடித்திருந்தது. தாங்க முடியாத காட்சி எது என்றால் நாய் செத்ததுதான், அதில் கருத்து வேறுபாடே இல்லை. மனிதர்கள் ஏழு பேர் செத்ததைப் பற்றி இரண்டே அட்டைகள். ஒன்றில், 'கொஞ்சம் நீளம்.' இன்னொன்றில், 'பிள்ளைங்க போனது பரவாயில்லை. நாய் என்ன பாவம் பண்ணிச்சு?' அந்த அட்டையை என் பர்ஸில் வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் நல்லது.

என் தலைவி லெஸ்லி ஸ்டாக்டன் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"டெஸ், நாய் பொழைக்கணும்."

"எழுத்தாளரம்மா ஒத்துக்க மாட்டாங்க மேடம். ஒப்பந்தத்துல இருக்கு."

"நாய் பொழைக்கலன்னா இங்க நீயும் பொழைக்க மாட்ட. எது எப்படின்னு நீயே பாத்துக்க."

ஒப்பந்தத்தில் இருந்தது உண்மை. கடைசி அத்தியாயம் நூலில் உள்ளபடியே இருக்க வேண்டும், மாற்றுவதென்றால் திருமதி வில்மா குச்சேரா கைப்பட எழுதி ஒப்புதல் தர வேண்டும், அவர் காலத்துக்குப் பிறகு அந்த உரிமை அவருடைய தம்பி மகனுக்கு. படம் தொடங்கும்போது திரைக்கதையை அவருக்கு அனுப்பினோம். உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மேலே ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில், 'நான் இத ஒரு தடவ எழுதிட்டேன். கடைசி அத்தியாயத்த அப்படியே எடுங்க, அது போதும்' என்று இருந்தது. கிழவிக்குச் சோகத்தின் மேல் அவ்வளவு ஆசை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

புது முடிவை இரண்டே நாளில் எடுத்து முடித்தோம். விடிகிறது. ஈவா கதவைத் திறக்கிறாள். பனிக்குள்ளிருந்து பட்டன் வந்து, உடம்பை உதறிக்கொண்டு, அவள் காலடியில் படுக்கிறது. எடுத்தவர்களே அழுதார்கள். ஒரு கையெழுத்துதான் பாக்கி. மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லாததால், நவம்பர் முதல் வாரத்தில் நான் ஒமாஹா வரை விமானத்தில் வந்து, வாடகைக் கார் எடுத்து, மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன்.

அவர் என்னை நன்றாகவே வரவேற்றார். தொண்ணூற்றொரு வயசு என்று சொல்ல முடியாது. ஆப்ரிகாட் வைத்த கொலாச்சி ரொட்டி சூடாகச் செய்து வைத்திருந்தார், நான் மூன்று சாப்பிட்டேன். அன்று மத்தியானம் முழுக்க எங்களுக்குள் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை.

இங்கே எங்கள் தொழில் முறையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் எதையும் பச்சையாகச் சொல்வதில்லை. 'மாற்றுவது' என்று சொல்ல மாட்டோம், 'திறந்துவிடுவது' என்போம். 'வெட்டுவது' என்பது 'மூச்சுவிட இடம் கொடுப்பது'. ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் அவர் 'தன் பயணத்தைத் தொடர்கிறார்'. விஷயத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வான். ஆகவே நாய் என்ற சொல் என் கடிதங்களிலும் இல்லை, அன்று என் வாயிலிருந்தும் வரவே இல்லை. அது கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு.

"அம்மா, முடிவக் கொஞ்சம் திறந்து விடலாமான்னு பாக்கறோம்," என்றேன்.

"முடிவு என்ன ஜன்னலா தம்பி, திறந்து விடறதுக்கு?"

"இல்லம்மா, கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்னுதான்."

"நான் வெச்ச வெளிச்சம் போதும் அதுக்கு." கோப்பையைக் கீழே வைத்தார். "போன தடவ வந்தவனுங்களும் உன்ன மாதிரிதான், நல்ல சட்டையா போட்டுகிட்டு, தேன் ஒழுகப் பேசினாங்க. அப்ப எனக்கு வெவரம் பத்தல, தலையாட்டிட்டேன். அவனுங்க பண்ணி வெச்சத தியேட்டர்ல பாத்துட்டு, வெளிய வந்து கார்ல ஒரு மணி நேரம் எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தேன். மறுபடி ஏமாற மாட்டேன்."

பணத்தில் ஏமாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுத்தாளர்களின் மனவருத்தம் பெரும்பாலும் அங்கேதான் போய் முடியும். நான் தொகையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இந்தக் காச வெச்சுகிட்டு நான் எங்க போகப்போறேன்? கடைசிப் பக்கத்துல எவனும் கை வெக்கக் கூடாது. அதுக்குக் காவலாத்தான் இன்னும் சாகாம உக்காந்திருக்கேன்."

அதுவரை இது கையெழுத்துப் பிரச்சினை என்றே எண்ணியிருந்தேன். விஷயம் எங்கே இருக்கிறது என்று அவரே எடுத்துக்கொடுத்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

கிளம்பும்போது, "இவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகாத. பீச் பழம் பாகுல போட்டு வெச்சிருக்கேன், இரு," என்றார். பாட்டில்கள் கொல்லைப்புறத்தில், சூறாவளிக்குப் பதுங்குகிற நிலவறையில் இருந்தன. முதல் இரண்டு படி இறங்கும்வரை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். என்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். அவர் அடியில் போய்ச் சேர்ந்ததும் காற்றில் கதவு அடித்துக்கொண்டது. சாத்தினேன். சாத்திய கதவில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. போட்டேன்.

நான் யாரையும் தள்ளவில்லை, ஷெரிஃப் மேடம். கை ஓங்கவும் இல்லை. ஒப்புதல் காகிதத்தையும் பேனாவையும் கதவிடுக்கு வழியாக உள்ளே போட்டேன்.

"தம்பி, வெளையாடாத. குளுருது," என்றார் உள்ளிருந்து.

"கையெழுத்துப் போட்டா உடனே திறந்துடறேம்மா. அவசரமில்ல, யோசிச்சுப் போடுங்க."

காகிதத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அடப் பாவி," என்றார். கோபமாகக்கூட இல்லை, ஏதோ கணக்கு இப்போதுதான் புரிந்தது மாதிரி. அதற்குப் பிறகு கதவைத் தட்ட ஆரம்பித்தார். நான் உள்ளே போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தேன். வயசானவர்களுக்கு வேலை வைத்துவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் தங்கினேன். காலையில் ஜன்னலில் பனி உறைந்திருந்தது. எட்டு மணிக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். அவர் நாலாவது படியில் சாய்ந்தபடி இருந்தார். காகிதத்தில் கையெழுத்து இல்லை. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் 'மாட்டேன்' என்று எழுதியிருந்தார், அவ்வளவு குளிரிலும் எழுத்து கோணவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பீச் பாட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டேன், எனக்காகத்தானே அவர் இறங்கியது. விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் காரிலேயே சாப்பிட்டு முடித்தேன்.

தனியாக இருந்த கிழவி, செங்குத்தான படி, குளிர். நீங்களும் அப்படித்தானே எழுதி மூடினீர்கள். தம்பி மகன் ஒமாஹாவில் பழைய கார் விற்கிறவர், துக்கத்திலும் நிதானமான மனிதர். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "படத்துல நான் ஒரு ஓரமா வர முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். ஈவாவின் அப்பாவுடைய சவ ஊர்வலக் காட்சியில் மூன்றாவது ஆளாக அவரைச் சேர்த்தோம். மறுபடி அட்டை கொடுத்தபோது எண்பத்தெட்டு வந்தது. லெஸ்லி என் தோளைத் தட்டினார், ஒரு மாதத்தில் நான் என் பயணத்தைத் தொடரும்படி ஆனது.

படம் ஈஸ்டருக்கு வந்தது. நான் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன். கடைசியில் பெயர்கள் பதினொரு நிமிஷம் ஓடின. நாய்க்கு முடி சீவியவர் பெயர் இருந்தது, நாய்க்குப் பதிலாகப் படுத்த இன்னொரு நாயின் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. அதே வாரம் லெஸ்லி டிவியில், அந்த முடிவு தனக்குக் குளிக்கும்போது தோன்றியது என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நானாகவே உங்களைத் தேடி வந்தேன். பொறாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் செய்த வேலை யாருடையது என்பது ஒரு இடத்திலாவது சரியாகப் பதிவாக வேண்டும். முடிவை மாற்றியது நான். வில்மா குச்சேராவைக் கொன்றதும் நான். இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

விமர்சகர்கள் சிலர், கடைசியில் ஒருவழியாக நூலுக்கு நேர்மையாக ஒரு படம் வந்துவிட்டது என்று எழுதினார்கள். அவர்கள் படமே பார்ப்பதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

இது என்ன, உங்கள் சொந்தப் புத்தகமா. அட்டை கிழிந்திருக்கிறது. கடைசிப் பக்கமா. படிக்கிறேன்.

நன்றாக எழுதியிருக்கிறார். விடிகிறது. ஈவா கதவைத் திறக்கிறாள். பனிக்குள்ளிருந்து பட்டன் வந்து உடம்பை உதறிக்கொண்டு, அவள் காலடியில்.

"நாய் சாகல, மிஸ்டர் ப்ரூயிட்," என்கிறீர்கள். "புஸ்தகத்துல அது எப்பவுமே சாகல. பழைய படத்துக்காரங்கதான் கொன்னாங்க. அதுக்குத்தான் அந்தம்மா ஆயுசு பூரா மருகினாங்க. 'நாய்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களக் கட்டிப்புடிச்சுக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

இருக்கலாம். மூன்று பக்கச் சுருக்கம் எழுதினவர் பழைய படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார், அது அவர் பக்கம் பெரிய பிசகு. ஆனால் நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. முதல் படத்துக்காரர்கள் அவரைக் கைவிட்டார்கள். எங்கள் எழுத்தாளர்கள் நான்கு பேரும் கைவிட்டார்கள். சொந்தத் தம்பி மகன் அட்டையைக்கூடப் புரட்டவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தை அவர் எழுதியது எழுதியபடி திரையில் கொண்டுவந்து சேர்த்தது நான் ஒருவன்தான். இன்று உயிரோடு இருந்திருந்தால், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார்.