மண்ணுக்கு ஒருவன், பூச்சுக்கு ஒருவன்

காய்ச்சல்காரனுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று எங்கள் சாக்சனி தேசத்தில் எல்லா வைத்தியர்களும் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறவன்தான், என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக நம்பிவிட்டேன்.

இந்தக் கோட்டைப் பட்டறையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பீங்கானுக்கு மண் கலக்கும் அளவு ஒருவனுக்கு மட்டும், மேல்பூச்சின் அளவு இன்னொருவனுக்கு மட்டும். இரண்டும் ஒரே தலைக்குள் போனால் அவன் வேறு தேசத்துக்கு ஓடிவிடுவான் என்று ராஜாவுக்குப் பயம். மண் பால்தசருடையது, பூச்சு என்னுடையது. பதினொரு வருஷம் ஒரே மேசையில் பீர் குடித்தோம். என் பூச்சைப் பற்றி அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது. பாதி ரகசியத்துக்கே எவ்வளவு கர்வம் பாருங்கள்.

அவன் காய்ச்சலில் விழுந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவியை நான்தான் தேவாலயத்துக்கு அனுப்பிவைத்தேன். நல்ல நண்பன் என்று என்னை வாழ்த்திவிட்டுப் போனாள். அவன் தண்ணீர் கேட்டான். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, அவன் கண்ணுக்குத் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு, மண்ணின் அளவைக் கேட்டேன்.

"இதுக்கா இவ்வளவு பாடு? எப்பக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனேடா" என்றான்.

வெள்ளைக் களிமண் எத்தனை பங்கு, பொடித்த கல் எத்தனை பங்கு என்று சொன்னான். எழுதிக்கொண்டேன். ஆனால் காய்ச்சலில் ஆள் உளறலாம் அல்லவா, மறுபடி சொல்லச் சொன்னேன். அதே அளவுதான்.

"தண்ணியக் குடு, லோரென்ஸ்."

வேலையில் நான் எப்போதும் மூன்று முறை சரிபார்ப்பவன். மூன்றாவது முறை மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் ஒரு பங்குகூடப் பிசகவில்லை.

மறு வாரமே மேலாளரிடம் போய், இரண்டும் எனக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பதவி வரும் என்று நினைத்தேன். காவலர்கள் வந்தார்கள். பாதி தெரிந்தவன் மாலையில் வீட்டுக்குப் போகலாம், முழுதும் தெரிந்தவன் சாகும்வரை கோட்டை வாசலைத் தாண்டக் கூடாதாம். நான்கு வருஷமாகிறது. பால்தசர் ஏன் என் பூச்சைக் கேட்கவே இல்லை என்பது உள்ளே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மண்ணின் அளவை எழுதியதும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். மீதியையும் எழுதுங்கள் ஐயா. கொலை என்றே போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தூக்கில் போடுவதானாலும் வாசலைத் தாண்டித்தானே கூட்டிப்போக வேண்டும்.

ஆனால் நமக்குள் ஒன்று. நான் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாவது முறை சொல்லி முடித்ததும் கோப்பையை அவன் உதட்டிலேயே வைத்தேன். அவன்தான் வாயைத் திறக்கவில்லை.