கோவிந்தப்பன் திருப்பி அனுப்பிய கட்டுரைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் பரமசிவம் அவர்களே, ஓசூர்த் தொழிற்சாலையில் கோவிந்தப்பன் அவர்களோடு வேலை பார்த்த தோழர்களே, உத்தனப்பள்ளியிலிருந்து வந்திருக்கும் அவருடைய தங்கை செல்வம்மாள் அவர்களே, வணக்கம்.

என் பெயர் சரிதா. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன வாரம் மாரடைப்பில் மறைந்த தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் கோவிந்தப்பன் அவர்களை எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் அவர் முகத்தை இன்றுதான், மாலை போட்ட இந்தப் படத்தில் பார்க்கிறேன்!

எப்படி என்று கேட்கிறீர்களா? தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதில் விக்டோரியா ராணி காலத்து லண்டன் துப்பறிவாளர் ஒருவரைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைச் சரிபார்க்க இரண்டே பேர். அவர் ஒருவர், நான் ஒருத்தி. தான் எழுதியதைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் என் கட்டுரை அவரிடம் போகும், அவர் கட்டுரை என்னிடம் வரும்.

என்ன கண்டிப்பு! 'நூறு வழக்குகளில் துப்புத் துலக்கினார்' என்று யாராவது எழுதினால், 'எண்ணியது யார்?' என்று கேட்பார். 'மாலை ரயிலில் ஏறினார்' என்று நான் எழுதியதை மூன்று முறை திருப்பி அனுப்பினார். அந்த ஆண்டின் ரயில் அட்டவணையைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், அந்த ஊருக்கு மாலையில் ரயிலே இல்லை! இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம், நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்க உலகத்தில் ஒருவராவது இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிக் கேட்டார்: "ஒரு மணி நேர பஸ்தானுங்க மேடம். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டுங்களா?"

நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? 'பழகிவிட்டால் கண்டிப்பு போய்விடும். வேண்டாம்.' அதை நேர்மை என்று நினைத்தேன். "சரிங்க மேடம்" என்றார். பிறகு அவர் கேட்கவே இல்லை.

சற்றுமுன் செல்வம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்கண்ணன் ஒண்டிக்கட்டைம்மா. ஷிப்ட் முடிஞ்சா கம்ப்யூட்டர் முன்னாடியே குந்திக்கினு இருப்பாரு. மேடம் இன்னா எழுதியிருக்காங்கன்னு பாத்துட்டுதான் சோறே துன்னுவாரு."

அவையோரே, எனக்கும் வீட்டில் யாருமில்லை. அதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. ஒரு மணி நேர தூரத்தில் இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து, எப்போதோ செத்துப்போன லண்டன்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் திருத்திக்கொண்டிருந்தோம். பழகக் கூடாது என்று எந்த விதி சொன்னது? எதுவும் சொல்லவில்லை. அது நானாகப் போட்டுக்கொண்டது. அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அவருடைய கடைசிக் கட்டுரையை நேற்று சரிபார்த்தேன். இரண்டு இடத்தில் ஆதாரம் போதவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக விட்டுவிடவில்லை, நானே தேடிச் சேர்த்த பிறகுதான் ஏற்றேன். மீதி வேலையையும் விடமாட்டேன். ஆனால் என் கட்டுரைகளைப் படிக்க இனி ஒருவர் வேண்டும். இந்த அவையிலிருந்து யாராவது வருவீர்களா? எவ்வளவு வேண்டுமானாலும் கண்டிப்பாக இருங்கள். பத்து முறை திருப்பி அனுப்புங்கள். ஆனால் முதலில் என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள்.