வெண்டல் கலந்து அடைத்த தோட்டா

ஹலோ... ஆமா, ஆர்லீன்தான், உன் அக்காதான். எங்கடா இருக்க, வெண்டல்? ... சரி சரி, அது கிடக்கட்டும். நீ வெடிமருந்து அடைச்சுக் குடுத்தியே, அம்பது துப்பாக்கித் தோட்டா, அதைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன்.

... நல்லா சுட்டுச்சாவா? தூ! மூணாவது தோட்டாவுலயே துப்பாக்கியோட போல்ட் பின்னால இழுக்க முடியாம இறுகிடுச்சு. மரச்சுத்தியால தட்டித் திறந்தேன். தோட்டாக் கூட்டோட அடியில மருந்தைப் பத்த வைக்கிற கேப்பு அப்பளமா நசுங்கிக் கிடக்கு. ... துப்பாக்கியில ஒண்ணுமில்ல. இல்லன்னா இல்லடா!

... ஆமா, ஆமா, மிச்சத்தையும் பார்த்தேன். குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிட்டு, வெறுங்கூட்டைத் தராசுல வெச்சேன். பாதி, கடையில விக்கிற முன்னூத்தெட்டு ரகக் கூடு. மீதி பட்டாளத்துக் கூடு. ... ரெண்டும் ஒண்ணுதானா? வெளிய பார்க்க ஒண்ணுதான். பட்டாளத்துது தடிச்ச கூடு, உள்ள இடம் கம்மி. ரெண்டுலயும் ஒரே அளவு மருந்தைப் போட்டா அந்த அழுத்தம் எங்கடா போகும்? என் மூஞ்சிக்குத்தான் வரும்!

... யாரோ சுட்டுப் போட்ட கூட்டைத் தரையில பொறுக்கினியா? சீ! முப்பது வருஷமா அடைக்கிற. அடியில முத்திரை போட்டிருக்கே, அதைப் பார்த்துப் பிரிச்சு வைக்க உடம்பு வணங்கலயா? டப்பா மேல உன் புகையிலை எச்சில் வேற. கர்மம், தொடவே கூசுது.

... சிரிக்காத. அருவருப்பா இருக்கு.

... இரு. என்ன வெடிச்சத்தம் அது? ... போட்டியா? இன்னைக்கா? ... கோரின் சுடறாளா? ... வெண்டல், உன் மக யார் அடைச்ச தோட்டாவைச் சுடறா? ... அதே கூடா? ஒண்ணா அடைச்சதா?

நிறுத்தச் சொல்லுடா! ... அதிகாரி எதுக்கு? மைதானத்துல யாரு வேணா 'நிறுத்து'ன்னு கத்தலாம், நீ கத்து! ... போட்டிக்கு வந்த லாரமீ ஊர்க்காரங்க பார்த்தா என்ன? ... மானம் போயிடுமா? பத்தொம்பது வயசுப் பொண்ணுக்குக் கண்ணு போயிடும்டா, உனக்கு மானம்! கத்துடா!

...

ம். கேட்டுது. ... வெடிச்சத்தம் நின்னுடுச்சு. ... அவ போல்ட்? ... இறுகிடுச்சா. ... கண்ணு, கை எல்லாம் சரியா இருக்கா? நல்லாப் பாரு. ... அப்பாடா.

... என்னது? யார்கிட்டடா சொல்ற, 'துப்பாக்கியில கோளாறு'ன்னு? காதுல விழுதுடா எனக்கு! ரெண்டு கோடைலீவு பண்ணையில வைக்கோல் கட்டு தூக்கி அவ வாங்கின துப்பாக்கிடா அது. நீயெல்லாம் ஒரு அப்பனா? போனை அவகிட்ட குடு. ... குடுன்னா குடு.

கோரின்... அத்தைடா. அழாத கண்ணு. ... இல்ல, உன் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. உன் கையும் நல்ல கை. ... ஆமா, ஆமா. அந்த டப்பாவை அப்படியே நடுவர்கிட்ட குடு. யாரு அடைச்சதுன்னு கேப்பாரு. நீ வாயைத் திறக்காத. உங்கப்பனையே பாரு. ... தலையைத் தொங்கப்போட்டா போதாது. வாயைத் திறந்து சொல்லச் சொல்லு. ... சொல்லிட்டானா? எனக்குக் கேக்கலயே. 'நிறுத்து'ன்னு கத்தினானே, அதே சத்தத்துல சொல்லச் சொல்லு.

... ம். இப்பக் கேட்டுது. வெச்சுடறேன்.